பரணிலிருந்து இறங்கிய 71 இசைத்தட்டுகள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, ஷீக் என்ற அமெரிக்க டிஸ்கோ இசைக்குழுவின் ‘குட் டைம்ஸ்’ 12 அங்குலத் தட்டு தொடக்கம் முதல் முடிவுவரை ஒருமுறையேனும் துள்ளாமல், சுருதி அலையாமல், சரியான வேகத்தில் ஓடி முடிந்தது. எட்டு நிமிடப் பாட்டு. அதைக் கேட்பதற்கு எனக்கு நான்கு மாதங்களும் 305 பிரித்தானியப் பவுணும் பிடித்தன. இடையில் ஒரு தட்டை என் கையாலேயே கொன்றும் விட்டேன். பழைய இசைத்தட்டுகளைப் பரணில் போட்டு வைத்திருப்பவர்கள் என் பிழைகளைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1978இல், 19 வயதில், கணக்கியல் படிப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தேன். பகலில் வகுப்பு, இரவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை, சனிக்கிழமை சம்பளக் காசில் ஒரு தட்டு. சோல், ஃபங்க், டிஸ்கோ என்ற மூன்று இசை வகைகளையும் பிரித்தறியும் அறிவு அப்போது எனக்கு இல்லை. கடையில் எது ஓடும்போது கால் தானாகத் தாளம் போட்டதோ அதை வாங்கினேன். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து சேர, என் அறையில் நால்வர் படுக்க வேண்டியதாயிற்று. தட்டுகளும் பிளேயரும் பெட்டிக்குள் போயின. பிறகு இரண்டுமுறை வீடு மாறினோம். பெட்டிகளும் ஒரு பரணிலிருந்து இன்னொரு பரணுக்கு மாறின. “உந்தப் பெட்டியளை இறக்கிறியளோ, இல்லாட்டி நான் எறியட்டோ?” என்று மனைவி கேட்ட நாளில்தான் ஏணியை எடுத்தேன்.

மூன்று பெட்டிகள். பல பாட்டுகள் கொண்ட எல்.பி. 44, பக்கத்துக்கு ஒரே பாட்டுள்ள பன்னிரண்டங்குல சிங்கிள் 27, ஆக 71. இரண்டு பெட்டிகளில் தட்டுகள் புத்தகம்போல் செங்குத்தாக நின்றன. அவற்றுக்கு உறையில் பூஞ்சணமும் வாடையும் தவிர வேறு கேடு இல்லை. மூன்றாவது பெட்டியில் 19 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்கப்பட்டு, அவற்றின்மேல் ஒரு பழைய தையல் இயந்திரம் உட்கார்ந்திருந்தது. கோடையில் ஓட்டுக்கூரைக்குக் கீழே எவ்வளவு சூடேறும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த 19இல் பெரும்பாலானவை சற்றே வளைந்திருந்தன. ஏழு தட்டுகள் மேசையில் வைத்தால் ஆடின. ஸ்டீவி வொன்டரின் ‘சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்’ (1976) இரட்டைத் தட்டோடு கூட வந்த ஏழங்குலத் தட்டை அதன் உறையில் காணவில்லை. ஒரு வாரம் கழித்து அது பார்லமென்ட் என்ற ஃபங்க் இசைக்குழுவின் தட்டுறைக்குள் அகப்பட்டது. ஏதோ ஒரு விருந்தின் விடியற்காலையில் யாரோ அரைத் தூக்கத்தில் சொருகியிருக்க வேண்டும்.

பிளேயர், 1979இல் 28 பவுணுக்குப் பாவித்ததாக வாங்கிய ஜப்பானிய பெல்ட் டிரைவ்; மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுழற்றும் வகை. மின்னிணைப்பைக் கொடுத்ததும் மோட்டார் முனகியது, தட்டு அசையவில்லை. சுழல்தட்டைத் தூக்கிப் பார்த்தபோது பெல்ட் இருந்த இடத்தில், காய்ச்சிய பனங்கட்டிப் பாகுபோலக் கருப்பாக ஒரு பசை மட்டுமே இருந்தது. அது மோட்டாரின் பித்தளைக் கப்பியிலும், சுழல்தட்டின் உள்விளிம்பிலும், அதைத் தொட்ட என் விரலிலும், பிறகு நான் தொட்ட கதவுக் கைப்பிடியிலும் ஒட்டியது. ஐசோபுரோபைல் ஆல்ககாலில் தோய்த்த பஞ்சுக்குச்சிகள் முப்பதுக்குமேல் தேவைப்பட்டன. கப்பியை நகத்தாலோ கத்தியாலோ சுரண்டக் கூடாது. அதில் விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் பாட்டில் கேட்கும். நடு அச்சின் பழைய எண்ணெயைத் துடைத்தெடுத்து, இரண்டு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டேன்.

அன்றே ஊசி பொருத்தும் ஹெட்ஷெல்லையும் துடைத்தேன். அதன் மேற்புறத்தில் பழைய ஒட்டுநாடாவின் பசை, ஏறக்குறைய 2 செ.மீ. அகல வட்டமாகக் காய்ந்து கிடந்தது. எதற்கென்று நினைவுக்கு வராததால் அதையும் ஆல்ககாலால் துடைத்து எறிந்துவிட்டேன்.

பெல்ட்டுக்கு மூன்று அளவுகள் உண்டு: சுற்றளவு, அகலம், தடிப்பு. சுழல்தட்டின் உள்வளையத்தையும் கப்பியையும் சேர்த்து நூலால் சுற்றி, அந்த நூலை அடிமட்டத்தில் அளந்து, ரப்பர் இழுபட்டு நிற்பதற்காக நூற்றுக்கு ஐந்து கழித்தேன். சுற்றளவும் அகலமும் பொருந்திய ஒரு பெல்ட்டை 7 பவுணுக்கு வாங்கினேன். தடிப்பை நான் பொருட்படுத்தவில்லை. அது 0.8 மி.மீ.

தட்டு சுழன்றது, பாட்டும் வந்தது. ஆனால் எல்லாரும் ஏதோ பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் பாடினார்கள். முதலில் பழியை என் வயதின்மீது போட்டேன். 20 வயதில் வேகமாகத் தெரியாதது 60க்கு மேல் வேகமாகத் தெரியலாம் அல்லவா? மூன்று நாள் அப்படியே கேட்டுவிட்டுத்தான் அளந்து பார்க்கத் தோன்றியது. சுழல்தட்டின் விளிம்பில் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டி, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு 100 சுற்றுகளை எண்ணினேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் 100 சுற்றுக்குச் சரியாக 180 விநாடி ஆக வேண்டும். எனக்கு 176 விநாடிதான் ஆயிற்று. எட்டு நிமிடப் பாட்டில் ஏறக்குறைய 11 விநாடி காணாமல் போகிறது. சுருதியும் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயர்ந்துவிடுகிறது.

தடித்த பெல்ட் சிறிய கப்பியைச் சுற்றும்போது கப்பியே பெருத்ததுபோல் ஆகிவிடுகிறது என்பதுதான் காரணம். என் கப்பியின் விட்டம் ஏறக்குறைய 8 மி.மீ.; அதில் 0.2 மி.மீ. கூடினாலே நூற்றுக்கு இரண்டுக்குமேல் வேகம் ஏறிவிடும். அந்தப் பிளேயர் மாதிரிக்கென்றே விற்கப்படும் 0.6 மி.மீ. பெல்ட்டை 9 பவுணுக்கு வாங்கிப் போட்டதும் 100 சுற்று 180 விநாடிக்கு வந்து நின்றது. உறுதிப்படுத்திக்கொள்ள, 180 கோடுகள் கொண்ட காகித வட்டத்தை அச்சிட்டுத் தட்டின்மேல் வைத்தேன். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சரியான வேகத்தில் அந்தக் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிய வேண்டும். வரவேற்பறையின் எல்.ஈ.டி. விளக்கின்கீழே கோடுகளே தெரியாமல் எல்லாம் சாம்பல் நிறமாக ஓடின. பிளேயர் மறுபடியும் கெட்டுவிட்டதென்று அதைத் திறக்கப் போய்விட்டேன். குற்றம் விளக்கினுடையது, சில எல்.ஈ.டி. விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதே இல்லை. 3 பவுணுக்கு ஒரு சிறிய நியோன் இரவு விளக்கு வாங்கிப் பிடித்ததும் 180 கோடுகளும் அணிவகுப்பில் நிற்பவர்களைப்போல நின்றன.

அடுத்தது ஒலி. பழைய பெருக்கி எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. இப்போதுள்ள பெருக்கியில் இசைத்தட்டுக்கென்று தனி நுழைவாய் இல்லை. சிடி பிளேயருக்கான துளையில் வயரைச் செருகிவிட்டேன். ஒலி எங்கோ பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்டது. மெல்லிய ஒலியைத் திருகி உயர்த்தலாம். ஆனால் ‘குட் டைம்ஸ்’ பாட்டில் ஷீக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் தாழ்ந்த சுரங்களில் வாசிக்கும் பேஸ் கிட்டாரையே காணோம். அந்தப் பேஸ்தான் அந்தப் பாட்டு. 1979இலேயே அதை எடுத்துத்தான் ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற ராப் பாட்டைச் செய்தார்கள். பிற்பாடு எட்வர்ட்ஸின் பெயரையும் ஷீக்கின் கிட்டார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸின் பெயரையும் அதன் ஆக்கியோர் வரிசையில் சேர்க்க வேண்டி வந்தது. அப்பேர்ப்பட்ட பேஸ் தட்டிலிருந்தே தேய்ந்து போய்விட்டதென்று ஓர் இரவு முழுவதும் துக்கம் காத்தேன்.

தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளை வேண்டுமென்றே குறைத்துத்தான் பதிவார்கள். கேட்கும்போது அதைத் திரும்பக் கூட்டித்தரும் ஃபோனோ முன்பெருக்கி நடுவில் இருக்க வேண்டும். 38 பவுணுக்கு ஒன்று வாங்கினேன். கூடவே பிளேயரிலிருந்து வரும் மெல்லிய தரை (எர்த்) வயரை அதன் திருகில் மாட்ட மறந்து, ‘ம்ம்ம்’ என்ற உறுமலோடு அரை நாள் போராடினேன். மாட்டியதும் உறுமல் நின்றது. எட்வர்ட்ஸ் திரும்பி வந்தார். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

இவ்வளவையும் 40 ஆண்டுப் பழைய ஊசியோடு செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேய்ந்த ஊசி தட்டைக் கேட்பதற்குப் பதிலாகச் செதுக்குகிறது. அதைத் தாங்கும் சிறு ரப்பரும் இறுகிப்போயிருக்கும். முதலிலேயே கழற்றி வீசியிருக்க வேண்டும். ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் உறுப்பான கார்ட்ரிட்ஜையே மாற்ற, ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95இ ஒன்றை 45 பவுணுக்கு வாங்கினேன். இரண்டு திருகுகளும் நான்கு வயர்களும்தான் வேலை. ஆனால் அந்த வயர்கள் தலைமயிரைவிடச் சற்றுத்தான் தடிப்பு, அவற்றின் நுனிக் கவ்விகள் எள்ளளவு. வெள்ளை இடப்பக்கம், நீலம் அதன் இணை. சிவப்பு வலப்பக்கம், பச்சை அதன் இணை. கவ்வி தளர்வாக இருந்தால் பல்குத்தும் குச்சியைச் செருகிக்கொண்டு சாமணத்தால் மெல்ல அழுத்த வேண்டும். கார்ட்ரிட்ஜின் முளையில் மாட்டிய பிறகு அழுத்தவே கூடாது.

ஊசி தட்டில் எவ்வளவு எடையோடு அமர வேண்டும் என்பதற்கு இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு விதித்த அளவு 2.0 கிராம். ஊசிக் கையின் பின்முனையிலுள்ள எதிரெடையில் பொறித்த எண்களை நம்பி வைத்துவிட்டு, 9 பவுணுக்கு வாங்கிய சிறு மின்னணுத் தராசில் வைத்தால் 2.4 காட்டியது. ஊசியின் கோணத்துக்குக் காகித அளவுகோல் ஒன்றை அச்சிட்டு, நடு அச்சிலிருந்து 66.0 மி.மீ. தொலைவிலும் 120.9 மி.மீ. தொலைவிலும் கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கோடுகளுக்கு நேராக நிற்கும்வரை நகர்த்தினேன். அச்சடிக்கும்போது கணினி காகிதத்துக்கேற்பப் படத்தைச் சுருக்கிவிடும். அடிமட்டம் வைத்துப் பார்க்காமல் அந்தக் காகிதத்தை நம்பக் கூடாது. என்னுடைய முதல் பிரதியில் 66 மி.மீ. என்பது 63ஆக இருந்தது.

சோதனைக்கு டொனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ (1977) பாட்டை எடுத்தேன். மியூனிக்கில் ஜோர்ஜோ மொரோடரும் பீட் பெலொட்டும் தயாரித்தது. பேஸ் கிட்டார் கிடையாது. மூக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் துடிப்பு மட்டும் இயந்திரம்போல் ஓடிக்கொண்டே இருக்கும். வேகம் இம்மியளவு அலைந்தாலும் இந்தப் பாட்டு காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காகத்தான் எடுத்தேன். அது வேறொன்றையும் காட்டிக்கொடுத்தது. மாடியிலிருந்து இறங்கி வந்த மகள் வாசலிலேயே நின்று, “அப்பா, இந்தப் பாட்டு நொண்டுது. ஒரு பக்கத்தாலதான் வருது” என்றாள். அந்தத் துடிப்பு ஒரு பக்கத்தில் ஒலித்து, ஒரு கணம் தாமதித்து மறுபக்கத்தில் எதிரொலிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டும் பின்னும்போதுதான் அந்தக் குதிரையோட்டம் பிறக்கிறது. சிவப்பு வயரின் கவ்வி நழுவியிருந்ததால் பாதிக் குதிரைதான் ஓடிக்கொண்டிருந்தது. வேறெந்தப் பாட்டாக இருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன். இப்போது எந்த வயரைத் தொட்டாலும் முதலில் இந்தப் பாட்டைத்தான் போட்டுப் பார்க்கிறேன்.

பிறகு கழுவுதல். இதில் இரண்டு தவறுகள். முதல் ஆறு தட்டுகளைப் பாத்திரம் கழுவும் திரவத்தாலும் குழாய்த் தண்ணீராலும் கழுவினேன். பளபளவென்று வந்தன, ஓடவிட்டால் முன்பைவிட அதிகமாகப் பொரிந்தன, ஊசி நுனியில் வெள்ளையாக ஒரு திரள் சேர்ந்தது. சோப்பின் எச்சமும் லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பும் பள்ளங்களுக்குள் காய்ந்துவிட்டன. அதன் பிறகு வடித்த நீர் 800 மி.லி., ஐசோபுரோபைல் ஆல்ககால் 200 மி.லி., புகைப்படச் சுருள் கழுவுவோர் பாவிக்கும் ஈரமூட்டி ஐந்து துளி என்று கலந்தேன். மென்மையான தூரிகையால் பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் வடித்த நீரால் அலசி, பாத்திரம் வடியும் தட்டியில் நிறுத்திக் காயவைத்தேன். ஒரு லீட்டர் கலவை ஏறக்குறைய 20 தட்டுகளுக்குப் போதும். 1930களின் அரக்குத் தட்டுகள் யாரிடமேனும் இருந்தால் ஆல்ககாலை அருகிலும் கொண்டுபோகக் கூடாது, அவை கரைந்துவிடும்.

இரண்டாவது தவறு திருத்த முடியாதது. அந்நாளில் ஒவ்வொரு தட்டின் நடுவட்டத்திலும் வாங்கிய தேதியையும் விலையையும் பந்துமுனைப் பேனாவால் எழுதும் பழக்கம் எனக்கு இருந்தது. கணக்கியல் மாணவனின் வியாதி. நடுவட்டம் நனையாமல் மூட ஜாம் போத்தல் மூடி ஒன்றை வைத்திருந்தேன். அது விளிம்புவரை மறைக்கவில்லை. உள்ளே கசிந்த ஆல்ககாலில் பந்துமுனைப் பேனாவின் மை நீலப் புகையாக விரிந்து கரைந்தது. 14 தட்டுகளில் அப்படிப் போன பிறகுதான் கண்டேன். அதன்பின் கழுவுவதற்கு முன்னே ஒவ்வொரு நடுவட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, குழாய் வேலைக்காரர்கள் பாவிக்கும் அகலமான ரப்பர் வளையங்கள் இரண்டால் இரு புறமும் இறுக்கினேன். 14இன் தேதிகளில் ஒன்பதை நினைவிலிருந்து மீட்டேன். மற்ற ஐந்தும் போனவைதான்.

வளைந்த ஏழு தட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. யாரோ ஓவனில் வைத்து நேராக்கினார்கள் என்று கேள்விப்பட்டு, ஷெரில் லின்னின் ‘காட் டு பி ரியல்’ (1978) 12 அங்குலத் தட்டை எடுத்தேன். அதே பாட்டு எல்.பி.யிலும் என்னிடம் இருந்ததால் துணிந்தேன். 6 மி.மீ. கண்ணாடித் தகடுகள் இரண்டு, 22 பவுண். அவற்றின் நடுவே தட்டை வைத்து, ஓவனை 55 பாகைக்குத் திருகி, பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே எடுத்தபோது நேராகத்தான் இருந்தது. அவசரப்பட்டுக் கண்ணாடியைத் தூக்கினேன்; தட்டின் ஓரம் எண்ணெயில் விழுந்த அப்பளம்போல என் கண்முன்னே மெல்ல நெளிந்தது. பள்ளங்கள் பல இடங்களில் மழுங்கி, விளக்கொளியில் சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தன. மனைவியின் கேக் வெப்பமானியை அதன்பின் ஓவனுக்குள் வைத்துப் பார்த்தேன்: 55இல் வைத்தால் 78 காட்டியது. வினைல் 60 பாகையை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். சமையலறை ஓவனின் திருகியில் எழுதியிருக்கும் எண் வெறும் எண்ணம்தான், அளவு அல்ல.

மிஞ்சிய ஆறுக்கு வேறு வழி தேடினேன். எங்கள் வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் எப்போதும் 35 பாகை அளவில் இருக்கும். அதே கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு தட்டை வைத்து, மேலே ஒரு 10 கிலோ அரிசி மூட்டையை ஏற்றி, மூன்று வாரம் தொடாமல் விட்டேன். முழுமையாக நேராகவில்லை, ஆனால் ஊசி தூக்கி எறியப்படாமல் ஏறி இறங்கிப் போகும் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு தடவைக்கு ஒரு தட்டு. இதுவரை நான்கு முடிந்தன.

இனிச் சொல்லப்போவதற்காகவே இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன். பெல்ட், வேகம், பேஸ், கோணம், கழுவுதல் எல்லாம் சரியான பிறகும் சில பாட்டுகளில் ‘ச’, ‘ஷ’ ஒலிகள் மணலில் இழுத்ததுபோல் கரகரத்தன. டிரம்ஸின் சிம்பல் சிதறியது. மறுபடியும் கழுவினேன், மறுபடியும் கோணம் பார்த்தேன், பயனில்லை. விந்தை என்னவென்றால், அதே தட்டின் மறுபக்கம் கண்ணாடிபோல் ஒலித்தது. ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு தட்டின் ஒவ்வொரு பாட்டுக்கும் ‘தெளிவு’, ‘கரகரப்பு’ என்று குறித்துக்கொண்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துக் கரகரப்பு நிரலை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்தபோது, அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த பட்டியலாக இருந்தது: தெற்கு லண்டனில் நாங்கள் எட்டுப் பேர் குடியிருந்த வீட்டின் சனிக்கிழமை இரவுகளில் எந்தப் பாட்டுகள், எந்த வரிசையில் ஓடினவோ அதுவேதான்.

அப்போதுதான் ஹெட்ஷெல்லின் மேலிருந்த அந்தப் பசை வட்டம் நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் பலகைத் தரை. இருபது பேர் ஒன்றாகக் குதித்தால் பிளேயர் வைத்த மேசையும் குதிக்கும், ஊசி ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். கூட்டாளி ஒருவன் கண்டுபிடித்த வைத்தியம், ஹெட்ஷெல்லின்மேல் ஒரு நாணயத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுவது. இப்போது டொரொன்டோவில் இருக்கும் அவனைத் தொலைபேசியில் கேட்டேன். “மச்சான், ரெண்டு பென்னிக் குத்தி எல்லோ வைச்சனாங்கள்!” என்று பெருமையாகச் சொன்னான். இல்லை, நான் துடைத்தெறிந்த வட்டம் 2 செ.மீ.தான், இரண்டு பென்னி அதைவிடப் பெரியது. ஒரு பென்னியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்நாளைய வெண்கல ஒரு பென்னியின் எடை 3.56 கிராம். ஊசி ஏற்கெனவே 3 கிராமில் இருந்தது. ஆக, ஆறரை கிராமோடு, நாங்கள் மிக நேசித்த பாட்டுகளைத் திரும்பத் திரும்ப உழுதிருக்கிறோம். ஆடாமல் விட்ட பாட்டுகள் மட்டும் தப்பின.

ஐசக் ஹேய்ஸின் ‘ஹாட் பட்டர்ட் சோல்’ (1969) தட்டில் ஒரு கீறல் இல்லை. அவருடைய வழுக்கைத் தலையை மேலிருந்து எடுத்த படம் அட்டையில் இருக்கும். மொத்தம் நான்கே பாட்டுகள். ஒன்று 12 நிமிடம், ஒன்று 18 நிமிடத்துக்குமேல், அதிலும் முதல் எட்டு நிமிடம் அளவுக்கு மனிதர் பாடாமல் கதைத்துக்கொண்டே இருப்பார். அதைப் போடப் போனால் கூட்டாளிகள் என் கையிலிருந்து பறித்துவிடுவார்கள். இன்று வீட்டிலேயே மிக நன்றாக ஒலிப்பது அதுதான்.

தேய்ந்த பள்ளத்தைத் திரும்ப நிரப்ப முடியாது. ஆனால் அன்று தேய்த்தது உருண்ட நுனி ஊசி. பள்ளத்தின் சுவரில் அது தொட்ட உயரம் ஒன்று. மிகக் கூரிய விளிம்புள்ள ஊசி அதே சுவரின் தேயாத வேறு பகுதியைத் தொடக்கூடும். என் கார்ட்ரிட்ஜுக்கு அதே குடும்பத்தின், அப்படிக் கூரிய விளிம்புள்ள எம்எல் (மைக்ரோலைன்) ஊசியும் பொருந்தும். பழையதை இழுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் போதும், திருகைத் தொட வேண்டியதில்லை. 130 பவுண். இந்த வேலையிலேயே பெரிய செலவு இதுதான்; ஒரு வாரம் யோசித்துத்தான் வாங்கினேன். ‘குட் டைம்ஸ்’ கரகரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. மிச்சம் நடுவே ஓரிடத்தில் மட்டும் தலைகாட்டுகிறது. ட்ராம்ப்ஸ் குழுவின் ‘டிஸ்கோ இன்ஃபெர்னோ’ மாறவே இல்லை. அது கடைசிப் பாட்டு, எல்லாரும் ஒன்றாகக் குதித்த பாட்டு, அதற்கு மருந்தில்லை.

கரகரத்தவற்றுள்ளும் 12 அங்குல சிங்கிள்கள் எல்.பி.களைவிட நன்றாகத் தப்பியிருக்கின்றன. ஒரு முழுத் தட்டில் ஒரே பாட்டு என்பதால் பள்ளங்கள் அகன்றும் ஆழ்ந்தும் இருக்கின்றன. இந்த வடிவமே ஒரு தற்செயல்: டிஸ்கோ பாட்டுகளை நீட்டிக் கலவை செய்தவரான டாம் மோல்டன் பாட்டொன்றை வெட்டப் போன நாளில் ஏழங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்ததால் பெரிய தட்டில் வெட்டினார்கள்; ஒலி எழுந்து நின்றதைக் கேட்ட பிறகு சிறியதற்குத் திரும்ப அவருக்கு மனம் வரவில்லை. 1976இல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பர்சென்ட்’ பாட்டை அவ்வடிவில் கடைகளுக்கு அனுப்பியது. என் 27இல் அதுவும் ஒன்று. பென்னியின் கீழே எத்தனையோ முறை ஓடியும் இன்னும் எழுந்து நிற்கிறது.

திரும்பவும் செய்வதென்றால் முதல் நாளே கார்ட்ரிட்ஜை வாங்குவேன், அதுவும் நேரே எம்எல் ஊசியோடு. நடுவில் வாங்கிய சாதாரண ஊசி இப்போது சோதனைக்கு மட்டும் பயன்படுகிறது. பெல்ட்டைப் பிளேயரின் மாதிரி எண்ணைச் சொல்லி வாங்குவேன். கழுவுவதற்குக் கையால் சுழற்றும் தொட்டி ஒன்று வாங்குவேன். 71 தட்டுகளைத் தூரிகையால் தேய்த்த தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. ஆல்ககால் 8, வடித்த நீர் 6, ஈரமூட்டி 12, புதிய உள்ளுறைகள் நூறு 16 பவுண். இவற்றில் எதையும் குறைக்க மாட்டேன். தேதியையும் விலையையும் இப்போது உள்ளுறையில் பென்சிலால் எழுதுகிறேன்.

வளைந்தவற்றில் இரண்டு மிச்சம். ஐந்தாவது தட்டை வைத்து மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அது முன்னிருந்தபடியே ஆடியது. கண்ணாடி சரி, சூடும் சரி. மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. மனைவி அன்றாடம் அதிலிருந்துதான் அரிசி எடுத்திருக்கிறாள். தராசில் வைத்தால் நான்கு கிலோவும் இல்லை. புது மூட்டை சனிக்கிழமை வருகிறது. இந்தமுறை இரண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.